ஒரு கோடா, ரெண்டு கோடா

சர்க். ஒரு கோடு. இன்ஸ்பெக்டர் மேடம் தலைய நிமித்தாமயே "போங்க, மெசேஜ் வரும்"னு சொல்றாங்க, செக்குச் சட்டை போட்ட அண்ணன் ஹெல்மெட்ட கழட்டிக்கிட்டே அவங்க மூஞ்சிய பாக்கறாரு, அதுல என்னத்த பாத்துட முடியும், கூலிங் கிளாஸ், மாஸ்க், அதுக்கு மேல தொப்பி, ஜன்னல் எல்லாம் சாத்தின வீடு மாதிரி உக்காந்திருக்காங்க. அடுத்த ஆள். ஸ்கூட்டி, நீலக் கலரு, தரையில வரைஞ்ச எட்டோட இடுப்புல வந்ததும் இடது கால் தரையில பட்டுச்சு, எல்லாரும் பாத்தோம், மேடமும் பாத்தாங்க. சர்க் சர்க். ரெண்டு கோடு. "போங்க, மெசேஜ் வரும்." அதே குரல், அதே வேகம், எள்ளளவு வித்தியாசம் கிடையாது. ஆனா பேனா! ஐயோ பேனா! மேடம், மடியில வெச்சிருக்கீங்களே அந்த பரீட்சை அட்டை, கிளிப் வெச்சது, அது வெறும் அட்டை இல்ல மேடம், மத்தளம். டிக்குன்னா ஒரே இழுப்பு. இன்ட்டுன்னா ரெண்டு. நான் லைன்ல உங்க நாற்காலிக்கு ரெண்டடி பின்னால நிக்கறேன், கையில போன், போன்ல நோட்ஸ் திறந்திருக்கு, கட்டை விரல் தானா டைப் பண்ணுது: செக்குச் சட்டை, கால் ஊனல, ஒரு கோடு. நீல ஸ்கூட்டி, கால் ஊனிட்டாங்க, ரெண்டு கோடு. இதோட ஆறு பேர். ஆறும் சரி. மணி பத்து நாப்பது. லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்த இடத்துல எனக்கு ஏன் இப்படி நெஞ்சு அடிச்சுக்குது, எட்டு போடற பயமா, இல்லவே இல்ல, இது வேற, இது அந்தப் பழைய சந்தோஷம், ஒருத்தர் சொல்லாம மறைக்கறத அவங்க வாயத் தொடாமயே கேட்டுடற சந்தோஷம்.

போன மாசம் வரைக்கும் மேடம் அங்கயே பாஸு ஃபெயிலுன்னு சொல்லிருவாங்களாம், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் காஜா மைதீன் காலையில சொன்னாரு, ஃபெயில்னு கேட்ட ஒரு ஆளு எட்டு மேலயே மல்லாக்கப் படுத்துட்டானாம், ஏறிப் போறதுன்னா ஏத்திட்டுப் போங்கன்னு. அதுலருந்து எல்லாருக்கும் ஒரே வார்த்தை, மெசேஜ் வரும். மாஸ்டர், இதத்தான் மாஸ்டர் நான் ஆபீஸ்ல எட்டு மாசமா பண்றேன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. கத்தினா யாருக்கு விளங்கும். நாங்க பண்றது பூட்டு, லேடீஸ் ஹாஸ்டல் ரூம் கதவுக்கு, சாவி கிடையாது, போனத் தூக்கிட்டுப் போனா திறக்கும். பூட்டும் போனும் சந்திச்சதும், காரிடார்ல நிக்கற எவன் வேணா ஒட்டுக் கேக்கலாம்ங்கற நிலைமையில, சத்தமா பேசியே ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியச் சாவிய உண்டாக்கிக்கணும். கேக்கறவனுக்கு எல்லாமே கேக்கும், ஒண்ணுமே விளங்காது. இத மொத தடவ காலேஜ்ல படிச்சப்போ எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல, கல்யாணப் பந்தியில ஊரே இருக்கறப்போ மாப்பிள்ளையும் பொண்ணும் சத்தமா குழம்பு நல்லாருக்கு ரசம் நல்லாருக்குன்னு பேசியே தனியா ஒரு விஷயத்த முடிவு பண்ணிக்கற மாதிரி. கணக்கு கெட்டி. ஆனா திருடன் கணக்கு போட மாட்டான், அதுதான் விஷயமே, அவன் பேச்ச கேக்க மாட்டான், பூட்டுக்குள்ள இருக்கற சிப்பு மூச்சு விடறத கேப்பான், எவ்வளவு கரண்ட் இழுக்குது, எவ்வளவு நேரம் யோசிக்குது. வேணும்னே கொஞ்சம் கெட்டுப்போன சேதிய அனுப்புவான், பூட்டு "தப்பு"ன்னு சொன்னா அதுவே அவனுக்கு ஒரு துப்பு, பத்தாயிரம் வாட்டி தப்புன்னு சொல்ல வெச்சான்னா உள்ள இருக்கற ரகசியம் துண்டு துண்டா அவன் கையில. அதனால என் பூட்டு தப்புன்னு சொல்லவே சொல்லாது. கெட்ட சேதி வந்தா, அதே நீளத்துல, அதே நேரத்துல ஒரு பொய்ச் சாவிய உண்டாக்கி, சரி வான்னு பேசிட்டே போகும். அந்தச் சாவி எதையும் திறக்காது. மெசேஜ் வரும். போங்க, மெசேஜ் வரும்! மேடம், நீங்களும் நானும் ஒரே தொழில்.

"ஏனுங் கண்ணு, எட்ட மேல இருந்து ஆரம்பிக்கோணுமா, கீழ இருந்தா?" எனக்கு முன்னால நிக்கற சாந்தாமணி அக்கா, அம்பது வயசு இருக்கும், தையல் கடை வெச்சிருக்காங்க, இது மூணாவது தடவை, காலையிலருந்து நாங்க சினேகம். "எங்க ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான்க்கா, சுத்தி வந்துரும்." "அப்புறம் எதுக்கு ரெண்டு தடவை என்னைய தோக்கடிச்சாங்க?" "கால் ஊனிருப்பீங்க." "கால் எங்க ஊனுனேன், அதுவா போயி ஊனுது." சிரிப்பு தாங்கல. அதுவா போயி ஊனுது, இதவிட நல்லா எங்க துறையில எவனும் சொன்னதில்ல, ரகசியத்த யாரும் வெளியில விடறதில்லக்கா, அதுவா போகுது. சர்க். ஒரு கோடு, ஏழாவது ஆளு, எழுதிக்க. இந்தச் சத்தத்த நான் எங்க கேட்டிருக்கேன், எங்க, கோவில்பட்டியில, முன் ரூம்ல அம்மா பேப்பர் திருத்தற சத்தம், அம்மா ஆறாங்கிளாஸ் டீச்சர், நானும் ஆறாங்கிளாஸ், பக்கத்து ரூம்ல தூங்கற மாதிரி படுத்துக்கிட்டு எண்ணுவேன், சர்க், சர்க், சர்க் சர்க், பேப்பர் திருப்பற சத்தம், அடுத்தது. கட்டு எந்த வரிசையில அடுக்கிருக்குன்னு தெரியும், ரோல் நம்பர் வரிசை. மறுநாள் கிளாஸ்ல புனிதாகிட்ட போய், நீ பதினொண்ணு மார்க்குடின்னு சொன்னேன், அவ அழுதா, பேப்பர் குடுத்தப்போ பதினொண்ணுதான். அம்மா என்னைய அடிக்கல. அன்னிக்கு ராத்திரியே தலகாணிய மடியில வெச்சு அதுமேல வெச்சு திருத்த ஆரம்பிச்சாங்க. ஒரு சத்தமும் இல்ல. நான் இருட்டுல முழிச்சுக்கிட்டு அம்மா எவ்ளோ பெரிய ஆளுன்னு நெனச்சேன், புனிதா அழுதத நெனக்கவே இல்ல, இப்போ ஏன் நெனக்கறேன்.

சர்க் சர்க். ரெண்டு கோடு. எட்டாவது ஆளு, ஆனா இந்த அண்ணன் கால் ஊனலயே, நான் பாக்கலயோ, ஓ, கோட்டுக்கு வெளிய போயிட்டாரு, சரி. டிக்குன்னா ஒரு தடவ எழுதறது. இன்ட்டுன்னா எழுதி, அதுமேல குறுக்க இன்னொண்ணு எழுதறது. எழுதி, அதுமேல. எழுதி அதுமேல. நில்லு. நில்லு நில்லு நில்லு. கட்டை விரல் நின்னுடுச்சு. என் பூட்டு என்ன பண்ணுது? சேதி வந்ததும் சாவிய கணக்குப் போட்டு அதோட இடத்துல எழுதும். அப்புறம் சரிபாக்கும். சேதி கெட்டதுன்னா அந்த இடத்துல, அந்தச் சாவி மேலயே, பொய்ச் சாவிய எழுதும். சரியான சேதின்னா? எழுதாது. அதே நேரம் ஆகணும்னு சும்மா நிக்கும், நானே நிக்க வெச்சேன், கடிகாரத்த வெச்சு அளந்து, ஒரு துளி முன்ன பின்ன இல்லாம, பெருமையா ஆபீஸ்ல ஜெபராஜ் அண்ணாகிட்ட காட்டினேன், பாருங்கண்ணா ரெண்டும் ஒரே நேரம்னு. நேரம் ஒண்ணுதான்டி. வேலை ஒண்ணா? சும்மா நிக்கறதும் எழுதறதும் ஒண்ணா? எழுதினா சிப்பு கரண்ட் இழுக்கும், நின்னா இழுக்காது. சரின்னா ஒரு கோடு. தப்புன்னா ரெண்டு கோடு. ஐயோ. நான் கதவெல்லாம் சாத்திட்டு, மாஸ்க் கூலிங் கிளாஸ் எல்லாம் மாட்டிட்டு, மடியில பரீட்சை அட்டைய வெச்சிருக்கேன். ஹாஸ்டல் காரிடார்ல ஒருத்தன் ஏசி ரிப்பேர் பண்ற மாதிரி பூட்டுப் பக்கத்துல ஒரு கம்பிச் சுருள வெச்சுட்டு ஒரு மத்தியானம் உக்காந்தா போதும், கேட்டுருவான், சர்க், சர்க் சர்க், பத்தாயிரம் தடவ, அப்புறம் அந்த ரூம் அவனுக்குத் திறக்கும். இந்தப் பூட்டு மாட்டப் போறது பன்னெண்டாயிரம் கதவுல. நான் நாலு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தவ, நாப்பத்தேழாம் நம்பர் ரூம், தாழ்ப்பாள் சரியா விழாது, நாற்காலிய கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் தூங்குவேன், அதுக்காகத்தானே இந்த வேலைக்கே வந்தேன். மணி பத்து அம்பத்தெட்டு. பதினொன்றரைக்கு நான் எழுதின புரோகிராம் ஃபேக்டரிக்குப் போயிடும், சிப்புக்குள்ளயே வார்த்துருவாங்க, அப்புறம் ஒரு எழுத்து மாத்த முடியாது.

போன் பண்ணு. பண்ணல. ஏன் பண்ணல? ஏன்னா ஆபீஸ்ல என் பேரு செண்பகவல்லி இல்ல, அலாரம். ஜெபராஜ் அண்ணாதான் வெச்சாரு, டீம் லீடு, நல்ல மனுஷன், ஆனா நாக்கு. மொத தடவ நிறுத்துங்கண்ணான்னு கத்தினேன், அது நான் எண்ணினதுல தப்பு. ரெண்டாவது தடவ, ஒயர் லூசு. மூணாவது தடவ, கரண்ட் வரைபடத்துல சீரா மேடு மேடா வருது, ரகசியம் கசியுதுன்னு எட்டு பேர இழுத்துட்டு வந்து காட்டறேன், பக்கத்து மெஸ்ஸுல தேங்காச் சட்னி அரைக்கறாங்க, மிக்ஸி. அன்னிக்கு அவரு சொன்னாரு, "அலாரம் அடிச்சா உடனே எந்திரிக்கணும்னு இல்லம்மா, தள்ளி வெச்சுட்டு தூங்கலாம்." எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், பாத்ரூம்ல போய் மூஞ்சி கழுவினேன். இப்போ நாலாவது தடவ, ஆதாரம் என்னடின்னா, இன்ஸ்பெக்டர் மேடம் பேனா. நல்லாருக்கும். ஆனா இது மிக்ஸி இல்ல. இது மிக்ஸி இல்ல, எனக்குத் தெரியும், மூணு தடவையும் இப்படித்தானே தெரிஞ்சுச்சு, ஆனா அப்போ காதுல கேட்டத நம்பினேன், இப்போ நான் எழுதினதே என் தலைக்குள்ள வரி வரியா ஓடுது, எழுது, பாரு, தப்புன்னா மேல எழுது, இல்லன்னா நில்லு. டைப் பண்ணிட்டேன். "அண்ணா பொய்ச் சாவிய மேல எழுதற இடம். சரின்னா ஒரு எழுத்து தப்புன்னா ரெண்டு. நேரம் சமம் கரண்ட் சமமில்ல. ஆயிரம் தடவ ஓட்டி சராசரி எடுத்துப் பாருங்க ப்ளீஸ். அனுப்பிடாதீங்க." போச்சு. ரெண்டு டிக். நீலமாயிடுச்சு. டைப் பண்றாரு. நின்னுட்டாரு. மறுபடி டைப் பண்றாரு. நின்னுட்டாரு. அண்ணா, நீங்களும் கசியறீங்க, முடியாதுன்னா ஒரே வார்த்தையில வந்திருக்குமே. ஒண்ணும் வரல. பதினொண்ணு எட்டு.

"கண்ணு, இதப் புடி," சாந்தாமணி அக்கா ஹேண்ட்பேக்க என் தோள்ல மாட்டிட்டு வண்டிய எடுத்துட்டாங்க. போறாங்க. முதுகு விறைச்சுக்கிட்டு, புடவைய இழுத்துச் சொருகிட்டு, மேல் வட்டம் அழகா, இடுப்பு அழகா, அக்கா, அக்கா, கீழ் வட்டம், பாதி, முக்கால், கால் அதுவா போயி ஊனுச்சு. சும்மா ஒரு பெருவிரல் தட்டினதுதான். அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. சிரிச்சுட்டே வந்து நிக்கறாங்க. சர்க். மேடம் போதும் மேடம். சர்க். "போங்க, மெசேஜ் வரும்." அக்கா மூஞ்சில பூரிப்பு. பேக்க வாங்கி, போன எடுத்து, "ஏனுங், நல்லா போட்டுட்டேனுங், இந்தவாட்டி ஆயிரும்," அவங்க வீட்டுக்காரர்ட்ட, அப்புறம் என்கிட்ட, "இரு கண்ணு, நீ முடிச்சுட்டு வா, உனக்கும் சேத்து கரும்பு ஜூஸ் சொல்லிப் போடறேன்." சரிக்கான்னேன். எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. ஆறாங்கிளாஸ்ல இது சந்தோஷமா இருந்துச்சு. இப்போ இல்ல, இது என்கிட்ட இருக்கக் கூடாத பொருள், அக்காவோட பொருள், அவங்க தையல் மெஷின்ல உக்காந்து மெசேஜ் பாத்து தனியா வருத்தப்பட வேண்டியது, நான் எடுத்துட்டேன், கேக்காமயே எடுத்துட்டேன். காரிடார்ல உக்காந்திருக்கறவன் இதத்தான் பண்ணுவான், கதவத் திறந்து உள்ள வர்றதுக்கு முன்னாடியே.

"அடுத்தது. பேர்?" "செண்பகவல்லி மேடம்." "எல்எல்ஆர் காட்டு. எட்டு போட்டு பழகியிருக்கியா?" "பழகியிருக்கேன் மேடம். மேடம் ஒண்ணு சொல்லணும்." மாஸ்டர் தூரத்துலருந்து வேணாம் வேணாம்னு கைய ஆட்டறாரு. "மேடம், உங்க பேனா சத்தம் கேக்குது. பாஸுக்கு ஒரு கோடு, ஃபெயிலுக்கு ரெண்டு. பின்னால நிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடுது." கூலிங் கிளாஸ் என்னையப் பாத்துச்சு. அதுல என் மூஞ்சிதான் ரெண்டு தெரிஞ்சுது, ஹெல்மெட்டுக்குள்ள, வேர்த்து ஊத்திக்கிட்டு. "யாருக்குத் தெரிஞ்சுது?" "எனக்கு மேடம்." "வேற யாருக்கு?" "தெரியல மேடம்." "வண்டிய எடு." ஒண்ணும் மாறல அந்தக் குரல்ல, எவ்ளோ பெரிய ஆளு, எடுத்தேன், ரெண்டாவது கியர், பிரேக்குல கால், கண்ண தூரமா வை, சக்கரத்தப் பாக்காதேன்னு மாஸ்டர் சொன்னது, மேல் வட்டம், மணி என்ன இருக்கும், பதினொண்ணு இருபதா, இருபத்திரெண்டா, இடுப்பு, வண்டி தானா சாயுது, நல்லா வருது, ரொம்ப நல்லா வருது, அப்போ தொடையில, பாக்கெட்ல, போன் அதிர்ந்துச்சு. விட்டு விட்டு. மெசேஜ் இல்ல, போன் கால். ஜெபராஜ் அண்ணா. எடுக்காதே, இன்னும் அரை வட்டம், பன்னெண்டு நொடி, ஒருமுறை அடிச்சு கட் ஆனா அவரு திரும்ப அடிக்க மாட்டாரு, சரி அலாரம் தூங்கிடுச்சுன்னு அனுப்பிடுவாரு, நாப்பத்தேழாம் நம்பர் ரூம், நாற்காலி. கால ஊனினேன். அதுவா போயி ஊனல. நான் ஊனினேன். ரெண்டு காலும். எட்டுக்கு நடுவுல வண்டிய நிறுத்திட்டு ஹெல்மெட்ட தூக்கி போன எடுத்தேன்.

"அலாரம், எங்க இருக்க?" "எட்டு மேல ணா." "என்னது?" "சொல்லுங்கண்ணா!" "ஓட்டிப் பாத்தேன். ஆயிரம் தடவ. ரெண்டாவதா ஒரு மேடு இருக்கற மாதிரி தெரியுது. ரொம்பச் சின்னது. இல்ல நீ சொன்னதால எனக்குத் தெரியுதான்னு தெரியல. இன்னும் அஞ்சு நிமிஷம், நிறுத்தினா அடுத்த மாசம்தான் ஃபேக்டரியில இடம். மேல கேப்பாங்க. மிக்ஸி இல்லையே?" மாஸ்டர் "ஏம்மா, ஏம்மா"ங்கறாரு, லைன்ல யாரோ விசில் அடிக்கறாங்க. "இல்லண்ணா." "உறுதியா?" தலைக்குள்ள எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. "உறுதியா. நிறுத்துங்க. தப்புன்னா என் பேரச் சொல்லுங்க." அவரு பக்கம் கீபோர்டுல ஒரு தட்டு கேட்டுச்சு. "நிறுத்திட்டேன். சரி, எப்படி சரி பண்ணுவ?" "எப்பவும் ரெண்டு தடவ எழுதணும் ணா, சரியா இருந்தாலும். தப்புன்னா பொய்ச் சாவி, சரின்னா அதே சாவிய அதுமேலயே திரும்ப." "அதே மேல அதே எழுதினா கரண்ட் கம்மியா இழுக்காது?" ஐயோ ஆமா! எழுத்து மாறலன்னா இழுக்காது! "அப்போ நடுவுல ஒரு தடவ அழிச்சுடணும் ணா! எப்பவும்! எழுதி, அழிச்சு, எழுதி! அதுக்கப்புறமும் அளந்து பாக்கணும், நான் வந்துடறேன்!" "வா. எட்டுலருந்து இறங்கி வா." வெச்சுட்டாரு. சிரிச்சாரா? கடைசி வார்த்தையில லேசா காத்து வந்துச்சு, சிரிச்சாருன்னுதான் நெனக்கறேன்.

வண்டிய தள்ளிட்டுப் போயி மேடம் முன்னால நின்னேன். ஃபெயிலுதான், இதுக்கு காதே வேணாம், ஊரே பாத்துச்சு. சர்க். கொஞ்சம் இடைவெளி. சர்க். "போம்மா, மெசேஜ் வரும்." சரி, தெரிஞ்சதுதானே. ஆனா கால் நகரல, வண்டிய ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்ட அதுமேல வெச்சுட்டு, லைன் ஓரமா ஒதுங்கி நின்னுட்டேன், அடுத்து ஒரு அண்ணன், கொரியர் பை மாட்டினவரு, எட்டுன்னா எட்டு, காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி, கால் தரைய நினைக்கவே இல்ல. வந்து நின்னாரு. சர்க். கொஞ்சம் இடைவெளி. சர்க். இவருக்கும் ரெண்டு! அதுக்கடுத்த அம்மா, வட்டத்துலயே வண்டி ஆஃப். சர்க். இடைவெளி. சர்க். டிக் மேலயே இன்னொரு டிக் போடறாங்களா, இல்ல பக்கத்துல வேற எதையோ கிழிக்கறாங்களா, எட்டிப் பாக்கல, பாக்கவும் மாட்டேன், காது கூர்ந்து கேட்டேன், ரெண்டும் ஒண்ணு, ஒண்ணுதான், எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு வித்தியாசமும் செத்துப்போச்சு. மேடம் தலைய நிமித்தல. கூலிங் கிளாஸ் கூட என் பக்கம் திரும்பல. நான் அப்படியே ரெண்டு கையையும் வாயில வெச்சுக்கிட்டு குதிச்சுட்டேன்.

"ஏம்மா, ஃபெயிலாயிட்டு குதிக்கற மொத ஆளு நீதான்," காஜா மைதீன் மாஸ்டர், கையில என்னோட ஹெல்மெட். "நான் மட்டும்தான் மாஸ்டர் ஃபெயில்னு தெரிஞ்ச ஆளு. இந்த கொரியர் அண்ணன் பாஸா?" "அவன் பாஸுதான், நல்லா போட்டானே." "காதால கேட்டு சொல்லுங்க, பாத்து இல்ல." "கேட்டு எப்படிம்மா தெரியும்?" "அதான் மாஸ்டர்! தெரியாது! இனிமே தெரியாது!" அவரு என் ஹெல்மெட்ட என் கையில திணிச்சாரு, வெயில் தலைக்கு ஏறிடுச்சுன்னு நெனச்சிருப்பாரு. கேட்டுக்கு வெளிய சாந்தாமணி அக்கா ரெண்டு டம்ளர் கரும்பு ஜூஸோட நிக்கறாங்க, நுரை வழியுது. "என்ன கண்ணு, என்னாச்சு?" "மெசேஜ் வரும்க்கா." "எனக்கு?" மேடம் மாதிரி ஒரே வேகத்துல சொல்லணும். ஒரே குரல். யோசிக்காம, அவசரப்படாம, அவங்க கண்ண நேராப் பாத்து. "உங்களுக்கும் வரும்க்கா," டம்ளர வாங்கி, அவங்க குடிக்கறப்போ நானும் குடிச்சேன்.